பகத்சிங்கின் 404 பக்க நோட்டுப் புத்தகம்

செலாயாங், பத்துமலை, ரவாங் வட்டாரங்களில் இன்று அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களில் பல, ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவை. லயத்து வீட்டைக் காலி செய்த நாளில் தகரப் பெட்டிக்குள்ளிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று வெளிவந்ததைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். தாத்தாவோ பெரியப்பாவோ கைப்பட எழுதிவைத்த தேவாரமும் திருப்புகழும் சினிமாப் பாட்டும் அதில் இருக்கும். அவர்கள் சொந்தமாக இயற்றியது எதுவும் இருக்காது. எல்லாம் பார்த்து எழுதியதுதானே என்ற எண்ணத்தில், அது பழைய நாளிதழ்க் கட்டோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

அப்படிப் பார்த்து எழுதிய நோட்டு ஒன்று இந்திய விடுதலை வரலாற்றில் இருக்கிறது. அதை எழுதியவர் தூக்குமேடைக்குப் போகும்போது அவருக்கு வயது 23. அவர் பகத்சிங்.

தொப்பி அணிந்து, மீசை முறுக்கிய இளைஞர் படத்தை அறியாதவர்கள் நம்மிடையே குறைவு. அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கியும் வெடிகுண்டும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. சிறையில் அவர் ஆங்கிலக் கவிதைகளை வரி வரியாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

சிறை பழகிய குடும்பம்

1907-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், இன்று பாகிஸ்தானில் உள்ள லாயல்பூர் மாவட்டத்தின் பங்கா கிராமத்தில் பகத்சிங் பிறந்தார். தந்தை கிஷன் சிங், தாயார் வித்யாவதி. அந்த வீட்டில் சிறைக்குப் போவது புதிய செய்தி அல்ல. விவசாயிகளுக்காகப் போராடிய சித்தப்பா அஜீத் சிங்கை வெள்ளையர் அரசாங்கம் அதே 1907-இல் பர்மாவின் மண்டலே சிறைக்கு நாடு கடத்தியது. பின்னர் வெளிநாடு சென்ற அவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தாயகம் திரும்பினார். இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15-ஆம் நாளிலேயே அவர் கண்மூடினார். இன்னொரு சித்தப்பா சுவரண் சிங்கும் சிறை கண்டவர். இளம் வயதிலேயே இறந்தார்.

1919-இல் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக் திடலில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது பகத்சிங்கிற்குப் பதினொரு வயது. அந்த நிகழ்ச்சி அந்தத் தலைமுறைப் பஞ்சாப் பிள்ளைகளின் மனத்தில் ஆறாத வடுவாக நின்றது. லாகூரில் டி.ஏ.வி. பள்ளியில் படித்த அவர், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அதை விட்டு வெளியேறினார். பிறகு லாலா லஜபதி ராய் முயற்சியில் தொடங்கப்பட்ட தேசியக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் புத்தகப் பைத்தியம் பிடித்தது. லாகூரில் துவாரகாதாஸ் நூலகம் என்று ஒன்று இருந்தது. அரசியல், வரலாறு, ஐரோப்பியப் புரட்சி இயக்கங்கள் பற்றிய ஆங்கில நூல்கள் அங்கே கிடைத்தன. பகத்சிங் அந்த நூலகத்தை வீடு போலவே பயன்படுத்தினார். சட்டைப் பையில் புத்தகம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை என்று நண்பர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

அவருக்குப் பஞ்சாபி, உருது, இந்தி, ஆங்கிலம் நான்கும் கைவந்தன. வங்காளமும் ஓரளவு கற்றார். பதினாறு பதினேழு வயதிலேயே, பஞ்சாபின் மொழிச் சிக்கல் பற்றி அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. வீட்டில் திருமணப் பேச்சு எடுத்தபோது, கான்பூருக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே கணேஷ் சங்கர் வித்யார்த்தி நடத்திய பிரதாப் ஏட்டில் வேறு பெயரில் எழுதினார். பிறகு லாகூர் திரும்பி, 1926-இல் நௌஜவான் பாரத் சபா என்ற இளைஞர் அமைப்பைத் தோழர்களுடன் சேர்ந்து தொடங்கினார்.

லாகூரும் டெல்லியும்

1928 அக்டோபர் 30-ஆம் தேதி சைமன் குழுவை எதிர்த்து லாகூரில் ஊர்வலம் நடந்தது. போலீஸ் தடியடியில் காயமுற்ற முதியவர் லஜபதி ராய், நவம்பர் 17-ஆம் தேதி காலமானார். அதற்குப் பழிவாங்க பகத்சிங்கும் தோழர்களும் முடிவு செய்தனர். தடியடிக்கு உத்தரவிட்ட போலீஸ் அதிகாரி ஸ்காட்டைச் சுட வேண்டும் என்பது திட்டம். டிசம்பர் 17-ஆம் தேதி ஆள் மாறி, சாண்டர்ஸ் என்ற இளம் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். துரத்தி வந்த சனன் சிங் என்ற இந்தியக் காவலரும் உயிரிழந்தார். பகத்சிங்கின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த இரண்டு உயிர்களையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு, 1929 ஏப்ரல் 8-ஆம் தேதி, டெல்லி மத்திய சட்டமன்றத்தில் பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். தொழிலாளர்களின் வேலைநிறுத்த உரிமையை ஒடுக்கும் தொழில் தகராறு மசோதாவும், பொதுப் பாதுகாப்பு மசோதாவும் அப்போது சட்டமன்றத்தின் முன் இருந்தன. ஆட்களைக் கொல்வது நோக்கம் இல்லை என்பதால், ஆள் இல்லாத பக்கமாக வீசினார்கள். யாரும் சாகவில்லை. ஓடித் தப்பிக்கவும் முயலவில்லை. துண்டறிக்கைகளை வீசி, முழக்கமிட்டு, நின்ற இடத்திலேயே கைதானார்கள். இருவருக்கும் நாடு கடத்தலோடு கூடிய ஆயுள் தண்டனை கிடைத்தது. சாண்டர்ஸ் கொலை வழக்கும் பகத்சிங் மீது சேர்ந்துகொண்டது.

பட்டினியும் படிப்பும்

சிறையில் வெள்ளைக்காரக் கைதிக்கு ஒரு நடத்தை, இந்தியக் கைதிக்கு வேறொரு நடத்தை. சாப்பாடு, உடை, வேலை எல்லாவற்றிலும் அந்த வேறுபாடு இருந்தது. 1929 ஜூன் நடுவில் பகத்சிங்கும் தத்தும் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஜூலையில் மற்றத் தோழர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டவை நல்ல உணவும் மரியாதையான நடத்தையும் மட்டும் அல்ல. படிக்கப் புத்தகமும் நாளிதழும் வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பசித்த வயிற்றோடு கிடந்தவர்கள் சோற்றோடு சேர்த்துப் புத்தகத்தையும் கேட்டார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், 1929 செப்டம்பர் 12 என்ற தேதியிட்டு, லாகூர் சிறையில் பகத்சிங்கிற்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கப்பட்டது. முதல் பக்கத்தில் அவர் பெயரும், மொத்தம் 404 பக்கங்கள் என்ற கணக்கும் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்பட்டிருந்தன.

அதே செப்டம்பர் 12-ஆம் தேதி, உண்ணாவிரதம் இருப்பவர்கள் இல்லாமலேயே வழக்கை நடத்த வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து முகமது அலி ஜின்னா மத்திய சட்டமன்றத்தில் பேசினார். மறுநாள், செப்டம்பர் 13-ஆம் தேதி, ஜதீந்திர நாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதத்தின் முடிவில் சிறையிலேயே உயிர்நீத்தார். அவர் உடல் ரயிலில் கல்கத்தா போய்ச் சேரும்வரை வழியெல்லாம் மக்கள் திரண்டு நின்றார்கள். பகத்சிங் தம் உண்ணாவிரதத்தை அக்டோபர் முதல் வாரத்தில்தான் முடித்துக்கொண்டார்.

தோழன் இறந்துகொண்டிருந்த வேளையில் கைக்கு வந்த நோட்டு அது. அதில் அவர் நாட்குறிப்பு எழுதவில்லை. தம் துன்பத்தைப் பற்றியும் எழுதவில்லை. படித்த நூல்களில் மனத்தைத் தொட்டவற்றைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

நோட்டில் இருந்த கவிஞர்கள்

நோட்டின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. இடையிடையே உருதுக் கவிதை வரிகளும் வருகின்றன. மார்க்ஸ், ஏங்கல்ஸ், லெனின், ரூசோ, தாமஸ் பெய்ன் ஆகியோரின் நூல்களிலிருந்து எடுத்த பகுதிகள் உண்டு. விக்டர் ஹியூகோ, தஸ்தயேவ்ஸ்கி போன்ற நாவலாசிரியர்களும் இருக்கிறார்கள். அரசு என்பது எப்படித் தோன்றியது, குடும்பமும் சொத்துரிமையும் எப்படி வந்தன, சட்டம் யாருக்காக என்ற கேள்விகளுக்கு அவர் நூல்களில் விடை தேடிய தடம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

அவற்றோடு கவிதைகளும் கலந்து நிற்கின்றன. வேர்ட்ஸ்வொர்த், பைரன், டென்னிசன், வால்ட் விட்மன், ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவல், சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர்களின் வரிசையே அங்கே இருக்கிறது. உமர் கய்யாமும் உண்டு.

அவர் தேர்ந்தெடுத்தவர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டென்னிசன் பிரிட்டிஷ் அரசவைக் கவிஞர். 1854-இல் கிரிமியப் போரில் தவறான கட்டளைக்குக் கட்டுப்பட்டு, பீரங்கிகளுக்கு நேராகக் குதிரையைச் செலுத்தி மடிந்த வீரர்களைப் பற்றி அவர் பாடிய கவிதை புகழ்பெற்றது. பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்துச் சிறையில் கிடந்த இளைஞர், அந்தப் பேரரசின் கவிஞரிடமிருந்தே சாவுக்கு அஞ்சாத வரிகளை எடுத்துத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். பைரன் ஆங்கிலேயப் பிரபு. ஆனால் கிரேக்க நாட்டு விடுதலைக்குத் துணை நிற்கப் போய், 1824-இல் 36-ஆம் வயதில் அங்கேயே நோயுற்று இறந்தவர். கில்மன் அமெரிக்கப் பெண் எழுத்தாளர். பெண்ணுரிமைக்கும் ஏழைகளுக்கும் குரல் கொடுத்தவர்.

ரஷ்யாவின் வேரா ஃபிக்னர், நிக்கோலாய் மொரோசோவ் இருவரும் ஜார் மன்னர் ஆட்சியை எதிர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர்கள். சிறையறைக்குள் இருந்து அவர்கள் பாடியவையும் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக இந்த நோட்டுக்குள் வந்தன. ஒரு நாட்டுக் கைதி எழுதியதை இன்னொரு நாட்டுக் கைதி பார்த்து எழுதினார்.

இத்தனை கவிஞர்களும் ஒரு சிறைக் கைதியின் கைக்கு எப்படிக் கிடைத்தார்கள்? அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேர், அநீதியை எதிர்த்து உலகெங்கும் எழுதப்பட்ட கவிதைகளையும் உரைநடைப் பகுதிகளையும் திரட்டி 1915-இல் ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார். அத்தொகுப்பில் உள்ள பல பகுதிகள் பகத்சிங்கின் நோட்டிலும் இருக்கின்றன. மற்ற நூல்கள் நண்பர்கள் மூலம் வந்தன. 1930 ஜூலை 24-ஆம் தேதி சிறுவயது நண்பர் ஜெய்தேவ் குப்தாவுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. துவாரகாதாஸ் நூலகத்திலிருந்து எடுத்து அனுப்ப வேண்டிய நூல்களின் பட்டியல் அதில் உள்ளது. லெனின், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், கிரோபோட்கின், அப்டன் சின்கிளேர் எனப் பெயர்கள் நீள்கின்றன. தூக்குத் தண்டனை வரக்கூடும் என்று தெரிந்தும், தேர்வுக்குத் தயாராகும் மாணவனைப் போலப் பட்டியல் போட்டு நூல் கேட்டிருக்கிறார்.

ஆங்கிலம் ஆட்சியாளர் மொழியாக இருந்தது. கச்சேரியில் தீர்ப்பு எழுதியதும், தோட்டத்தில் துரை கட்டளையிட்டதும் அதே மொழியில்தான். நம் முன்னோரில் பலருக்கு அந்த மொழி கிராணியின் கணக்குப் புத்தகத்தோடும் துரையின் அதட்டலோடும் மட்டுமே தெரிந்திருந்தது. அதே மொழிக்குள் அடிமைத்தனத்தை எதிர்த்த குரல்களும் இருந்தன. பகத்சிங் அவற்றைத் தேடி எடுத்தார். தம் பஞ்சாபியையும் உருதுவையும் அதற்காக அவர் கைவிடவும் இல்லை.

கடைசி மாதங்கள்

வழக்கு இழுபட்டதால், 1930 மே மாதம் அவசரச் சட்டம் மூலம் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. மகனைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் தந்தை கிஷன் சிங் அந்த நீதிமன்றத்திற்கு மனு கொடுத்தார். கொலை நடந்த நாளில் மகன் லாகூரிலேயே இல்லை என்பது மனுவின் சாரம். பகத்சிங் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 4-ஆம் தேதி தந்தைக்குக் கடுமையான கடிதம் எழுதி, அதை நாளிதழ்களில் வெளியிடும்படியும் கேட்டுக்கொண்டார். பெற்ற மனத்தின் துடிப்பையும் மகனின் பிடிவாதத்தையும் அந்த நிகழ்ச்சி ஒரே நேரத்தில் காட்டுகிறது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 7-ஆம் தேதி, பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த நாட்களில்தான் தாம் ஏன் நாத்திகர் என்பதை விளக்கும் கட்டுரையையும் எழுதினார். 1931 மார்ச் 3-ஆம் தேதி குடும்பத்தார் கடைசியாக வந்து பார்த்துச் சென்றார்கள். தம்பி குல்தார் கண்கலங்கியதைக் கண்ட அவர், அன்றே அந்தச் சிறுவனுக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, படிப்பைத் தொடரச் சொல்லி, அதற்குள்ளும் உருதுக் கவிதை வரிகளைச் சேர்த்திருந்தார். துயரம் வந்தபோதெல்லாம் அவர் கவிதையையே துணைக்கு அழைத்தார்.

மார்ச் 24-ஆம் தேதி காலை என்று குறிக்கப்பட்டிருந்த தண்டனை, முந்தின நாள் மாலைக்கே மாற்றப்பட்டது. மார்ச் 23-ஆம் தேதி அவர் வழக்கறிஞர் பிராண்நாத் மேத்தாவிடம் லெனினைப் பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை லாகூர் மத்தியச் சிறையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். உடல்கள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படவில்லை. சட்லெஜ் நதிக்கரையில் இரவோடு இரவாக எரியூட்டப்பட்டன.

எழுதியவை போயின, பார்த்து எழுதியது நின்றது

சிறையில் இருந்தபோது பகத்சிங் நான்கு நூல்கள் எழுதினார் என்று அவருடைய தோழர்கள் கூறியிருக்கிறார்கள். தம் வாழ்க்கை வரலாறு, சோசலிசக் கொள்கை, இந்தியப் புரட்சி இயக்கத்தின் வரலாறு, மரணத்தின் வாசலில் நின்று எழுதிய ஒரு நூல் ஆகியவை அவை. கைப்பிரதிகளாக வெளியே கடத்தப்பட்ட அவை கைமாறிக் கைமாறித் தொலைந்துபோயின. ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தது இந்த நோட்டுதான். தண்டனைக்குப் பின் அவருடைய பொருள்களோடு சேர்ந்து அது குடும்பத்தாரிடம் வந்தது. தம்பி குல்பீர் சிங் வீட்டில் பத்திரமாக இருந்தது. 1960களின் இறுதியில் ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதினார். பின்னர் சோவியத் அறிஞர் மித்ரோகின் அதைப் பற்றித் தம் நூலில் எழுதினார். நோட்டின் படி ஒன்றை டெல்லிக்கு அருகே ஒரு குருகுலத்தில் 1981-இல் கண்ட ஜி.பி. குமார் ஹூஜாவின் முயற்சியால், 1994-இல் ஜெய்ப்பூரிலிருந்து அது முதன்முறையாக நூலாக வெளிவந்தது. எழுதியவர் இறந்து 63 ஆண்டுகள் கழித்து, அவர் எதைப் படித்தார், எதைத் தேர்ந்தார் என்பது உலகுக்குத் தெரிந்தது.

சொந்த வரி ஏறக்குறைய எதுவும் இல்லாத அந்த நோட்டு, அவருடைய மனம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. பழிக்குப் பழி என்று புறப்பட்ட இளைஞர், சிறையில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே உள்ள நீதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்கங்கள் மறுமொழியாக இருக்கின்றன. நோட்டின் பல பக்கங்கள் எழுதப்படாமல் வெற்றாகவே கிடக்கின்றன. நிரப்ப அவருக்கு நாள் போதவில்லை.

மலாயாவிலும் ஒரு சிறை

பகத்சிங் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த 1929 இறுதியில்தான் பெரியார் மலாயா வந்து ஊர் ஊராகப் பேசினார். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட அதே வாரத்தில், 1931 மார்ச் 29-ஆம் தேதிக் குடி அரசு இதழில் பெரியார் அவரைப் பற்றித் தலையங்கம் எழுதினார். பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தோழர் ப. ஜீவானந்தம் தமிழில் பெயர்த்தார். அதற்காகக் கைதாகவும் செய்தார். லாகூர் சிறைக்குள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, இப்படித் தமிழ் பேசத் தொடங்கியது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட மலாயா கணபதிக்கும் அதே முடிவு வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவர், 1949 மார்ச் 1-ஆம் தேதி, செலாயாங்கிற்கு வடக்கே ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்த வட்டார மக்களுக்கு அந்தப் பெயர் அந்நியம் அல்ல.

பகத்சிங்கின் நோட்டு இன்று நம் கைக்கு வந்திருப்பதற்குக் காரணம், அதைத் தூக்கி எறியாமல் ஒரு குடும்பம் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்ததுதான். பார்த்து எழுதியதுதானே என்று அவர்களும் நினைத்திருந்தால், ஒரு பெரிய மனிதரின் கடைசி ஒன்றரை ஆண்டுப் படிப்பு யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். நம் வீட்டுத் தகரப் பெட்டியிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கலாம். பழைய பேப்பர் வாங்க வருபவரிடம் கொடுப்பதற்கு முன், பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். தாத்தா எந்தப் பாட்டை எழுதிவைத்தார் என்பது, அவர் எதை நம்பி வாழ்ந்தார் என்பதையும் சொல்லும்.